வெட்டி ஒட்டிய பன்னிரண்டு கட்டங்கள்

முதலில் பிள்ளைகள் சேதி. பெரியவன் மகன் கார்த்தி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்கிறது. அவன் தங்கை பிரியா பல் டாக்டராகிக் கும்பகோணத்தில் போர்டு மாட்டிவிட்டாள். மகள் வீட்டுப் பேரன் கப்பலில் சேர்ந்திருக்கிறான். வெள்ளை உடுப்பில் அவனைப் பார்த்தவர்கள் எந்த ஊர் கலெக்டர் என்று கேட்கிறார்கள். சின்னவன் செல்வத்தின் மகள் நித்யா எம்.எஸ்ஸி.யில் தங்கப் பதக்கம் வாங்கினாள். மேடையில் அவள் பெயரை வாசித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்து யாரோ, “உட்காருங்க பாட்டி, மறைக்குது” என்றார்கள். மறைக்கட்டும் என்று நின்றேன். உன்னோடு ஒரே பெஞ்சில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உட்கார்ந்தவள் நான். பேத்தி பெயருக்கு நான் நிற்காமல் யார் நிற்பது?

இதையெல்லாம் நேரில் சொல்ல நீ இல்லை. நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

போன வாரம் நித்யாவின் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்து வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டுமாம். அச்சு மசி வாசனை போகாத தாளை மருமகள் என் கையில் கொடுத்து, “மொதல்ல நீங்க பாருங்க அத்தை” என்றாள். நடுவில் ராசி என்று போட்டு, சுற்றிலும் பன்னிரண்டு கட்டம். மசி வாசனையும் கட்டங்களும் ஒன்றாக வந்ததும் என் கை நடுங்கியது. தாளைக் கீழே வைத்துவிட்டேன். வயசாகிவிட்டது, அதனால் நடுங்குகிறது என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். என்ன நடுக்கம் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

அரசலாற்றுக் கரையில் மடத்துப் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் வயலுக்கும் வீட்டுக்குமாக இருந்தேன். நீ காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை நம் பக்கத்தில் சொல்தா என்போம். உன் வீட்டுக்காரர் சொல்தா. அவரோடு பிரெஞ்சு தேசத்துக்குக் கப்பல் ஏறிப் போனாய். அவர் காலமான பிறகு, மகனை அங்கேயே விட்டுவிட்டு, நரைத்த தலையும் வாய் நிறையப் பிரெஞ்சுமாகக் காரைக்காலுக்குத் திரும்பினாய். அதற்குள் நானும் என் வீட்டுக்காரரை இழந்திருந்தேன். கும்பகோணத்திலிருந்து வருகிற பஸ்ஸைப் பிடித்தால் உன் வீட்டு வாசலில் இறங்கலாம். அடிக்கடி இறங்கினேன்.

ஒரு நாள் நீ சொன்னாய், “எம் மவன் அங்க ஒரு பெதே பத்திரிகை நடத்துறான்டி.”

“பேதிக்குக்கூடவா பத்திரிகை?” என்றேன்.

நீ சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறி, உன் தலையில் நான் தட்ட வேண்டியதாயிற்று. படக்கதையைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள் என்று பிறகு விளக்கினாய். “நம்ம ஊர்ல நடிகருக்கு மன்றம் வைக்கிறானுங்கல்ல, அந்த மாதிரி அங்க படக்கதைக்கு. பிடிச்சவனெல்லாம் கூடி, தாங்களே எழுதி, தாங்களே ஜெராக்ஸ் எடுத்து, தபால்ல அனுப்பிக்கிறானுங்க. காசும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

“வேலையத்த பயலுவ.”

“வேலைக்குப் போயிட்டு வந்துதான் செய்றானுங்க. நம்ம பக்கத்துச் சேதி ஏதாவது எழுதி அனுப்புங்குறான். நான் எழுதுறேன். நீ படம் போடு.”

நான் ஊர்ப் பெண்களுக்குத் தலையணை உறையில் பூப்போட ட்ரேஸ் எடுத்துக் கொடுப்பவள். மயிலும் அன்னமும் வரும். மனுஷ முகம் வராது. லீவில் வந்தபோது உன் மகன் விட்டுப்போன பிரெஞ்சுப் படக்கதைப் புத்தகங்களை நீ எடுத்து வைத்தாய். ட்ரேஸ் தாளை மேலே வைத்து மூக்கு, முழங்கை, ஓடுகிற கால் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பழகினேன். கதை எனக்கு வேண்டியிருக்கவில்லை, உருவம்தான் வேண்டியிருந்தது. உங்கள் தெரு முடிதிருத்தும் கடையில் கிழிந்த படக்கதைப் புத்தகங்களைப் படிக்கவே ஆட்கள் வந்து உட்காருவதைப் பற்றி நீ எழுதினாய். ஒரு பக்கம் சோப்பு நுரையோடு புத்தகத்தில் மூழ்கிய ஆளை நான் போட்டேன். கோயில் விதானத்தில் வரிசை வரிசையாகத் தீட்டிய கதைகளைப் பற்றி நீ எழுதினாய். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் பெண்பிள்ளைகளை நான் போட்டேன். இரண்டும் அச்சாகி வந்தன. என் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் நீ தொட்டுக் காட்டினாய். அதை வெட்டி எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்போது செல்வம் குவைத்தில் இருந்தான். ஏ.சி. மெக்கானிக். மருமகள் என்னோடு இருந்தாள், வயிற்றில் நித்யா. பிறகு அந்த ஆடி மாதம் அங்கே சண்டை வந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்றங்காலுக்கு ஆள் கூப்பிடுகிற சமயம். ரேடியோவில் குவைத் என்ற சொல் வந்தாலே வயலில் நிற்கிற பெண்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். கடிதம் வரவில்லை. போன் போகவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டு, எங்களைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மருமகள் சாப்பிட மறுத்தாள். அவள் எதிரில் நான் அழக் கூடாது. உன்னிடம் வந்தேன்.

நீ ஆறுதல் சொல்லவில்லை. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, ஒரு சார்ட் தாளையும் இங்க் பாட்டிலையும் முன்னால் வைத்தாய். “அழுவுறதா இருந்தா இதுல அழுவு” என்றாய்.

படக்கதை கட்டம் கட்டமாகத்தான் இருக்கும் என்று தெரியும். கட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சார்ட் தாளில் செல்வத்தின் ஜாதகக் கட்டத்தைப் பெரிதாகக் கோடு போட்டேன். மேஷத்தில் ஆரம்பித்தேன்: அவன் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்க்கிறான். அடுத்து நான் வடகமும் ஊறுகாயும் கட்டி அவன் பெட்டியில் திணிக்கிறேன். மூலையில் பஸ் போகிறது. பிறகு வலப்பக்கமாக இறங்கி மணலில் உயரக் கட்டடம், அடுத்து அவன் கேசட்டில் பேசி அனுப்புவது. கீழ் மூலையில் கன்னி. அதில் ஒன்றும் போட வரவில்லை. முழுக் கட்டத்தையும் கறுப்பு இங்கால் அடைத்தேன். ஆறாவது கட்டத்தில் வானம் கறுத்துப்போயிற்று என்று அர்த்தம். அதுவரைக்கும் நடந்தது.

நடக்காததை அதற்குப் பிறகு போட்டேன். ரேடியோ முன்னால் நானும் மருமகளும். கோயிலில் நான். லாரியில் நெருக்கியடித்து ஆட்கள். ஆகாய விமானம். எங்கள் ஊரில் நிற்கும் பஸ். கடைசியாக மேல் மூலையில் மீனம்: செல்வம் வாழையிலை முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறான். பருக்கை பருக்கையாகப் போட்டேன். சாமியை வலம் வருவது போல ஒரு சுற்று வந்து முடித்தபோது, பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான்.

“என்னடி பேசுறாங்க? வாசகம் சொல்லு, எழுதிடுறேன்” என்றாய்.

“யாரும் பேச வாணாம். வந்து சேரட்டும், போதும்.”

அப்படியே மடித்து அனுப்பினாய்.

செல்வம் வந்தான். பாலைவனத்தில் லாரியில் வந்து, அங்கே இங்கே கூடாரத்தில் கிடந்து, விமானத்தில் பம்பாய்க்கு வந்து, ரயில் மாறி மாறி ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கினான். தாடியும் மீசையுமாக அடையாளம் தெரியவில்லை. நான் போட்டபடியே இலை போட்டு உட்கார வைத்தேன். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் முழுசு. அப்படி ஒன்று அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

நித்யா பிறந்து குப்புற விழுகிற நேரத்தில், பத்திரிகை வந்துவிட்டது என்று நீ ஆள் சொல்லி அனுப்பினாய். மசி வாசனையோடு பிரித்தாய். “இங்க பாருடி, எடுத்த எடுப்புலயே ஒம் மவன் வந்து சாப்புடுறான்” என்றாய். சொல்லி முடித்ததும் உன் குரல் இறங்கியது.

என் சார்ட் தாள் அங்கே இல்லை. கட்டம் கட்டமாக வெட்டி, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வரிசை வைத்து இரண்டு பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். அவர்கள் படிக்கிற வழக்கம் அது. மேல் மூலை மீனம் முதலில் போய்விட்டது. பிள்ளை வீட்டில் சாப்பிடுகிறான். அடுத்து பாஸ்போர்ட்டைப் பிரிக்கிறான். பெட்டி கட்டுகிறோம். பஸ். ஊரில் நிற்கும் பஸ். மணல். விமானம். கேசட். லாரி. கோயில். ரேடியோ முன்னால் நானும் மருமகளும். கடைசியில் கறுப்பு.

அடியில் என்னவோ நாலு வரி இருந்தது. “என்ன எழுதிருக்கு?” என்றேன்.

“நல்லாருக்குன்னு எழுதிருக்கான்.”

“அத்தனை வரியும் அதானா?”

நீ கண்ணாடியைக் கழற்றினாய். “கடைசியில் வெறும் கறுப்பை வைப்பதற்கு ஒரு தாய்க்கு எவ்வளவு தைரியம் வேண்டும், அப்டின்னு எழுதிருக்கான்.”

ஆள் போன பிறகுதான் எங்கள் வீடுகளில் ஜாதகத்தைக் கிழிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். நீ மாதாவைக் கும்பிடுகிறவள், கட்டத்தில் உனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பத்திரிகையை மூடி, அதன் மேல் உன் ஜெபமாலையை வைத்தாய். நான் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

சண்டை ஓய்ந்ததும் செல்வத்தின் பழைய கம்பெனி அவனைத் திரும்பக் கூப்பிட்டது. அவன் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். அச்சில் இருந்த அதே வரிசை. பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“போவாதப்பா. ஊர்ல ஏ.சி. வராமலா போயிடும்? இப்பத்தான் எல்லாம் வருதுங்குறாங்களே.”

“அது வந்து, தஞ்சாவூர்ல நாலு வீட்டுல மாட்டி, அது ரிப்பேராயி, என்னைக் கூப்புடுற வரைக்கும் இந்தப் புள்ளைக்கு என்னம்மா குடுக்குறது?”

பத்திரிகைக் கதையைச் சொன்னேன். சிரித்தான். “பேதி பத்திரிகையில போட்டதுக்காக நான் வயித்துப் பொழப்ப விட முடியுமா? எந்திரிம்மா, பெட்டி நசுங்குது.”

மருமகளும் சிரித்துவிட்டாள். எழுந்துகொண்டேன். வடகம் கட்டிக் கொடுத்தேன். கட்டும்போது, இது இரண்டாவது படத்தில் இருக்கிறது என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பஸ்ஸின் பின் கண்ணாடியில் அவன் கை தெரிந்தது. எனக்குக் கை தூக்க வரவில்லை.

கேசட் வந்தது. டேப்பில் போட்டு, நித்யாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டோம். சாப்பாடு, ரூம், கூட இருக்கிற நாகூர்க்காரர் என்று எல்லாம் சொன்னான். பிறகு சாதாரணமாகச் சொன்னான்: “இங்க எண்ணெய்க் கெணறு எல்லாம் எரியுதும்மா. பகல்லயே வானம் கறுப்பா கெடக்கு. லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் வண்டி ஓடுது. துணி காயப்போட்டா கரி.”

மருமகள் டேப்பை நிறுத்தி, குழந்தைக்கு மறுபடியும் அப்பா குரலைக் கேட்க வைக்கச் சுற்றினாள். “வானம் கறுப்பா கெடக்கு” என்று அவன் இன்னொரு முறை சொன்னான். நான் செருப்புப் போடாமல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

நீ முழுக்கக் கேட்டாய். கிணறு எரிந்தால் புகை வரும், அதற்கும் படத்துக்கும் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “வா” என்று என்னைக் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு இழுத்துப் போனாய். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். சிவப்பு எண்கள் ஓட ஓட நீ மகனிடம் பிரெஞ்சில் கத்தினாய். இடையிடையே என்னிடம் தமிழில்: “பெட்டி எத்தனாவது?” “ரெண்டு.” “லாரி?” “ஒம்பது.” ஆன், தெ, த்ருவா என்று நீ எண்ணிக் கொடுத்ததைப் பூத்துக்கு வெளியே நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். போனை வைத்துவிட்டு, வேர்த்த முகத்தோடு வெளியே வந்தாய்.

“என்ன சொன்னாரு?”

“அடுத்த இதழ்ல சரியா போடுறேன்னான். ‘ஏம்மா, இதுக்கா இவ்வளவு அவசரம், மாத்திப் போட்டதே நல்லாத்தானே இருந்துச்சு’ன்னான். நாலு விட்டேன்.”

அந்த இதழ் வருகிற வரைக்கும் நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்வது? அடுப்பில் புகை எழும்பினால் வெளியே போய்விடுவேன். அறுவடை முடிந்து வயலில் தாள் கொளுத்தினார்கள்; கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தை என் முகத்தைப் பார்த்து அழுதது. மருமகளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அவள் வேறு பயந்து என்ன ஆகப் போகிறது?

இதழை நீயே எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். முந்தானையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவது போலக் கொண்டுவந்தாய். இந்த முறை வெட்டவில்லை. சதுரமாக, சுற்றி வர, நடுவில் இடம் விட்டு, என் சார்ட் தாள் எப்படி இருந்ததோ அப்படியே போட்டிருந்தார்கள். மேஷத்தில் ஒன்று என்ற எண்ணும் அதன் தலையில் ஓர் அம்புக்குறியும்.

“இப்ப சரியாடி?” என்றாய். உன் விரல் மேஷத்தில் தொடங்கி, கறுப்பைத் தாண்டி, ரேடியோ, கோயில், லாரி எல்லாம் கடந்து, இலை முன்னால் உட்கார்ந்த என் பிள்ளையில் வந்து நின்றது.

சரி என்றுதான் சொல்ல வந்தேன். உன் விரல் அந்தக் கட்டத்தில் நிற்கும்போதுதான் கண்ணில் பட்டது: மீனத்துக்கும் மேஷத்துக்கும் நடுவில் ஒரே ஒரு கோடு. அந்தப் பக்கம் பிள்ளை சாப்பிடுகிறான், இந்தப் பக்கம் அவனே பாஸ்போர்ட்டைப் பிரிக்கிறான். நான் போட்ட கோடு. நான் போட்டபடியே படித்தாலும், சாப்பிட்டு எழுந்தால் அவன் கை போய் நிற்பது பாஸ்போர்ட்டில்தான். அச்சுக்காரன் மாற்றிவிட்டான், மாற்றிவிட்டான் என்று அத்தனை மாதம் நடுங்கினேனே, மாற்றி வைப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

உன்னிடம் காட்டினேன். “அட ஆமா” என்றாய். பிறகு, “எம் மவனும் அப்படித்தான்டி. வந்து ஒக்காந்த ஒடனே டிக்கெட் தேதியைத்தான் சொல்லுவான்” என்றாய். உனக்கும் பயம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பேரும் பத்திரிகையை நடுவில் வைத்துக்கொண்டு மொச்சை உரித்தோம்.

கிணறுகளை அணைத்தார்கள். செல்வத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. போனான், வந்தான், போனான், வந்தான். தஞ்சாவூரில் வீடு கட்டினான், அதில்தான் இருக்கிறேன். மற்றத் தாய்மார்கள் பிள்ளை புறப்படும்போது அழுவார்கள். நான் அவன் வரும்போது அழுதேன். இலை போட்டுப் பரிமாறும்போதே அவன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது சர்க்கரையோடும் முழங்கால் வலியோடும் ஒரேயடியாக வந்துவிட்டான். டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இருந்தாலும் அவன் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டால் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். “என்னம்மா?” என்கிறான். “ஒண்ணுமில்லப்பா” என்கிறேன்.

நித்யாவுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை கனடாவில் இருக்கிறார். நல்ல பையன், நல்ல குடும்பம். கட்டம் பொருந்தியிருக்கிறது, எட்டுப் பொருத்தம் என்கிறார்கள். அவள் என்னிடம் வந்து, “போகட்டுமா பாட்டி?” என்று கேட்டாள். அவள் அப்பா பெட்டி இறக்கிய அன்றைக்குப் பேசியதை எல்லாம் பேச வாய் வந்தது. “போயிட்டு வாடியம்மா” என்றேன். வாய்தான் சொன்னது. இரண்டு வார்த்தையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தனித்தனியாகச் சொல்ல நம் பாஷையில் வழி இல்லை.

இங்கே என் பயத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க யாரும் இல்லை. நீ ஒருத்திதான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சிரிக்கக் கூடாத இடத்தில் ஜெபமாலையை எடுத்தாய். கறுப்புக் கட்டத்தை நம்பாதவள், நான் நம்புகிறேன் என்பதற்காக வேர்க்க வேர்க்கப் பூத்துக்குள் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்தினாய். அந்தக் குரலைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது பயம் வந்தால் ஆன், தெ, த்ருவா என்று எண்ணுகிறேன். பன்னிரண்டு வரைக்கும் எனக்குத் தெரியாது, ஒன்பதோடு நின்றுவிடுகிறேன். அது லாரிக் கட்டம். ஆட்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிற கட்டம். அங்கே நிற்பது எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். என்னிடம் உன் படம் ஒன்றுதான் இருக்கிறது. மகனோடு இருக்கப் போகிறேன் என்று நீ கடைசியாகப் புறப்பட்ட அன்றைக்குக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் எடுத்தது. தோளில் பை, ஒரு கால் படியில். அதைப் பார்க்கும்போதெல்லாம் நீ போய்க்கொண்டே இருக்கிறாய். உன் மகனிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ அவன் கனவில் போய்ச் சொல். பையும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். எங்கேயாவது ஒரு நாற்காலியில் நீ நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம். புதிதாகப் பிரதி எடுத்து, அட்டை வைத்து மடங்காமல், தஞ்சாவூர் விலாசத்துக்குத் தபாலில் போடச் சொல்.